தங்கவயல் லைன் வீடும் சயனைடு மேடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் கழிந்த பிள்ளைப்பருவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கம்பக்கத்து ஒட்டுறவையும் ஷிப்டுச் சங்கையும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சயனைடு மேட்டைப் பிள்ளைகள் சறுக்கி விளையாடிய மணல்குன்று என்று ஒரு வரியில் கடந்துபோனது சரியில்லை. லைன் வீட்டுப் பெண்களின் வீட்டுவேலையில் பாதியைக் கொடுத்ததே அந்த மேடுதான்.

அது மணல் அல்ல. கல்லை மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. மொத்தம் மூன்று கோடி டன்னுக்கு மேல். பெயரை வைத்து எல்லோரும் சயனைடுக்குத்தான் பயப்படுகிறார்கள். அது வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். கல்மாவில் உள்ள சிலிக்கா என்ற கனிமம் சிதையாது. சேறு காய்ந்தால் அது தூசியாகப் பறக்கும். கண்ணில் படுகிற தூசி மூக்கோடு நின்றுவிடும். படாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிறது.

லைன்களில் இருந்த தட்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண்ணும் சாணமும் சேர்த்த பூச்சு, தலைக்குமேல் தகரம். பூச்சு வெடித்த இடமெல்லாம், தகர நெளிவு சுவரில் உட்காராத இடமெல்லாம் தூசிக்கு வழி. பத்தடிக்குப் பத்தடி அறைக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும். கதவைத் திறந்தால் தூசி, சாத்தினால் விறகுப் புகை. கதவடியில் நனைத்த சாக்கைப் போடலாம், குடத்து வாயில் துணி கட்டலாம், கழுவிக் கவிழ்த்த தட்டைச் சோறு போடுமுன் மறுபடி கழுவலாம். களி கிண்டும்போது என்ன செய்வது? துடுப்பு ஓடுகிற பானையை மூட முடியாது. காற்றடிக்கிற நாளில் களி பல்லில் நறநறக்கும்.

பெருக்குவதிலும் சிக்கல்தான். தண்ணீர் தெளிக்காமல் பெருக்கினால் படிந்த தூசி மறுபடி எழும்பும். தெளிக்கத் தண்ணீர் வேண்டுமே! பொதுக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த குடங்களில் குடிக்க, சமைக்கப் போக எவ்வளவு மிஞ்சும்? கீழே சுரங்கத்தில் தூசி தின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு வீட்டிலும் அதே தூசி. 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையிலேயே பத்துத் தொழிலாளிகளில் நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்ற, சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் இருந்தது. வீட்டுப் பெண்களின் இருமலை யாரும் எண்ணியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஏர் பிளாஸ்ட் பற்றியும் கொஞ்சம். வெடி வைப்பதால் வருவதல்ல அது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், தோண்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் ஒரே நொடியில் தெறிப்பது. மேலே வீட்டில் பரணிலுள்ள பாத்திரம் உருளும், பூச்சு உதிரும். வீட்டாள் ஷிப்டில் இருந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு வாசலுக்குப் பெண்கள் ஓடுவார்கள்.

எடுப்புக் கழிப்பிடம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராகப் போராடும் பெசவாடா வில்சன் 1966இல் பிறந்தது இதே தங்கவயலில்தான். லைன்களின் கழிப்பிடங்களைக் கையால் சுத்தம் செய்த குடும்பங்களுக்கும் அங்கே பிள்ளைப்பருவம் இருந்தது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. மேட்டில் இப்போது புதுச் சேறு விழுவதில்லை. மேல்பரப்பு காய்ந்தே கிடக்கிறது, காற்று மட்டும் நிற்கவில்லை. வெறும் கல்மாவில் செடியை நட்டால் பிடிக்காது, சத்தே கிடையாது. சரிவில் மழை அரிப்பைத் தடுத்து, மண்ணும் எருவும் பரப்பிய பிறகுதான் நட வேண்டும். தங்கவயல் நினைவுகளை இன்னும் வெளியிடுவதாக இருந்தால், மேட்டுக்குக் காற்றுப்போக்கில் இருந்த லைன்களின் பெண்களிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆண்டர்சன்பேட்டை