கராஜில் யாரும் எழுதி வைக்காத வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மாவட்டத்தில் முன்னிலை பெற்ற பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகைகள் வெளியிடுவது மகிழ்ச்சிக்குரியதே. அந்தப் படங்களில் ஒருபோதும் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றி, மட்டக்களப்பில் இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரத் தொழில்நுட்பம் கற்பித்தவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் படிப்பில் பின்தங்கியவன் என்று உறவினர் அனைவராலும் முடிவுகட்டப்பட்டவன். குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, எஞ்சிய பள்ளிப்படிப்பை அங்கே முடித்து, நிரந்தர வதிவுரிமையுடன் அந்நாட்டுக் கடற்படையில் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்தான். கிரேட் லேக்ஸில் ஆரம்பப் பயிற்சியும், புளோரிடாவிலுள்ள பென்சகோலாவில் விமான எஞ்சின் பராமரிப்புப் பயிற்சியும் பெற்றான். இன்று அதே கடற்படையில் விமானப் பராமரிப்பு அதிகாரியாக இருக்கிறான். கடற்படை என்ற சொல் நம்மவர் பலருக்கு என்னென்ன நினைவுகளைக் கிளறும் என்பதை நான் அறியாதவன் அல்லன். எவரையும் எந்தப் படையிலும் சேரச் சொல்வது என் நோக்கமன்று. ஸ்பெனர் பிடித்த கை அதிகாரியின் மேசைவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

அங்கே கீழ்நிலைப் பதவிகளில் பரீட்சை எழுதியும் வேலைத் திறமையைக் காட்டியும் படிப்படியாக உயர்ந்து முதலாந்தர நிலையை அடைந்த ஒருவர், குறைந்தது 8 ஆண்டுகள் சேவையாற்றியிருந்தால், தாம் தேர்ந்த துறைக்குள் மட்டும் கடமையாற்றும் அதிகாரியாவதற்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை கட்டாயம், பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமன்று. கட்டளை அதிகாரியின் பரிந்துரை, அதிகாரிகள் குழுவின் நேர்முகம், அதன்பின் தெரிவுச் சபை என்று வடிகட்டல் கடுமையானதுதான். இவ்வாறு கீழிருந்து வந்த அதிகாரிகளை அங்கே 'மஸ்டாங்' என்று, அதாவது காட்டுக் குதிரை என்று, அரைக் கேலியும் அரை மரியாதையுமாக அழைப்பார்களாம்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு இன்றும் நமது கடலின் அடியில் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை விட்டால், கடற்படை விமானத்துக்கும் மட்டக்களப்புக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். (அந்தக் கப்பலிலும் அன்று விமானம் எதுவும் இருக்கவில்லை, அவை கரையில் இறக்கிவிடப்பட்டிருந்தன.) தொடர்பு உப்பில் இருக்கிறது. பாலமீன்மடுவில் தோணி எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, அலுமினியத்தில் வெண்பொடியாகப் பூத்து உலோகத்தையே தின்னும் அந்த அரிப்பு நன்கு தெரியும். கப்பல் தளத்தில் நிற்கும் விமானத்துக்கும் அதே நோய்தான். குறித்த நாள் இடைவெளியில் நன்னீரால் கழுவுவதும், ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துச் சுரண்டி மருந்து பூசுவதும் அவர்களது அன்றாட வேலையில் பெரும்பங்கு. கரைக்கு வந்ததும் எஞ்சினை நன்னீர் வாளிக்குள் இறக்கி ஓடவிடும் நமது மீனவர் செய்வதும் இதைத்தான்.

வேறுபாடு வேலைக்குப் பிறகு தொடங்குகிறது. அவர்களது கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் பஞ்சு மெத்தை வெட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணுவார்கள். ஒரு குழி வெறுமையாக இருந்தால் அந்த விமானம் பறக்காது. ஒரு தடவை கால் அங்குல சொக்கெட் ஒன்றுக்காக விடியும்வரை தேடி, கடைசியில் அதை ஒருவரது மேலங்கிப் பைக்குள் கண்டெடுத்ததாக மருமகன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். என் வகுப்பில் ஆண்டுக்கு எத்தனை ஸ்பெனர் காணாமற் போயின என்ற கணக்கு என்னிடமே இருந்ததில்லை. அங்கே வேலையைச் செய்தவர் கையொப்பமிட வேண்டும். அதைச் செய்யாத வேறொரு பரிசோதகர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். இறுதியில் விமானம் பறக்கத் தகுதியானது என்று பொறுப்பாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். எந்த வேலையைத் தனியே செய்யலாம், எதைப் பரிசோதிக்கலாம் என்ற தகுதியும் ஆளுக்கு ஆள் எழுத்தில் ஏறிக்கொண்டே வருகிறது. அதிகாரியாக விண்ணப்பிக்கும் நாளில், அவர் என்ன தெரிந்தவர் என்பதற்கு அத்தனை ஆண்டுச் சான்றும் கோவையில் இருக்கிறது.

நமது கராஜ்களில் நடப்பதைப் பாருங்கள். பத்துப் பதினொரு ஆண்டுகள் ஒரே பாஸிடம் வேலை பழகி, ஓசையைக் கேட்டே எந்த வால்வில் குறை என்று சொல்லக்கூடிய இளைஞன் ஒருவன், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க என்னிடம் கடிதம் கேட்டு வந்தான். அவன் இத்தனை காலம் வேலை செய்ததற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்பளச் சிட்டை இல்லை, வேலைப் புத்தகம் இல்லை. பாஸ் நல்ல மனிதர். எழுதும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. அவரைக் குறைசொல்ல எனக்கும் தகுதி போதாது. பயிற்சிப் பதிவேட்டைத் தவணைக் கடைசியில் ஒரே இருப்பில் நிரப்பவிட்டுக் கையொப்பமிட்ட ஆசிரியன் நான்.

நமது நாட்டிலும் வழி இல்லாமலில்லை. தேசிய தொழிற்றகைமை, அதாவது எல்லோரும் என்விகியூ என்று சொல்வது, 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம் வரை செல்கிறது; 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகரானது. இரத்மலானையில் தொழில்நுட்பவியலுக்கென ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. வகுப்புக்கே போகாமல் வேலைத்தலத்தில் பழகியவரும், முற்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்த மதிப்பீட்டுக்குப் போகிறவரிடமும், என்ன வேலை செய்தீர், எங்கே, எவ்வளவு காலம் என்பதற்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. நமது பிள்ளைகள் தடுக்கி விழும் படி இதுவே.

ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கராஜ் உரிமையாளர்களிடம் தங்கள் பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வேலை பழகும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்து, அன்றன்று செய்த வேலையைத் திகதியுடன் எழுதச் செய்து, வார இறுதியில் பார்த்துக் கையொப்பமிடுங்கள். எழுதத் தயங்கும் பாஸ்மாருக்காக, தேவையான நிரல்களைக் கோடிட்ட மாதிரிப் பக்கம் ஒன்றை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். அதைத் தங்கள் பத்திரிகை ஒரு நாள் வெளியிடுமானால், வெட்டியெடுத்துப் பிரதி எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.