யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்?

அன்புள்ள தங்கைக்கு,

முதியோர் இல்லத்தின் நிர்வாகப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் பேச்சோடு பேச்சாக நீ சொன்ன ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. "தன்பாலீர்ப்பாளர், திருநர் என்று எங்களிடம் யாரும் இல்லையே அக்கா, இல்லாதவர்களுக்கு எதற்கு விதி?" என்றாய்.

யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்? இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் எந்தக் காலத்தில் வளர்ந்தார்கள் என்று யோசி. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்ததே 1990-இல். தன்பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியை இந்திய உச்ச நீதிமன்றம் தளர்த்தியது 2018 செப்டம்பரில். அன்றைக்கு 65 வயதாக இருந்தவர் வேலையையும் வாடகை வீட்டையும் உடன்பிறந்தார் உறவையும் வாயைத் திறக்காமலேதான் காப்பாற்றி வந்திருப்பார். வெளிப்படையாக வாழ்ந்தவர்கள்கூட, குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அடுத்தவர் கை வேண்டும் என்ற நிலை வந்ததும் மறுபடி ஒளிந்துகொள்கிறார்கள். சுவரில் இருந்த படம் பெட்டிக்குள் போய்விடும். காலமெல்லாம் கூட வாழ்ந்த இணையர் 'தெரிந்தவர்' ஆகிவிடுவார்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மார்ஷா வெட்செல் என்ற பெண்மணி, பல்லாண்டு கூட வாழ்ந்த துணைவி இறந்தபின் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்ந்தார். தன் வாழ்க்கையைப் பற்றி மறைக்காமல் பேசினார். அங்கே குடியிருந்த சிலர் அவரை ஏசினார்கள், எச்சில் துப்பினார்கள், அடித்தார்கள் என்று வழக்குத் தொடுத்தார். நிர்வாகத்திடம் முறையிட்டதற்கு, அவருடைய நடமாட்டத்தைத்தான் குறைத்தார்களாம். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குடியிருப்பவர்கள் செய்யும் தொல்லையைத் தெரிந்தும் நிர்வாகம் பாராமுகமாக இருந்தால் அதன் மீதும் வழக்குத் தொடரலாம் என்றது. நீ கவனிக்கவேண்டியது இங்கேதான். ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பக்கத்து அறைக்காரரை யார் கேட்பது? சேரும்போதே எல்லோரும் கையெழுத்திடும் நடத்தை விதிகளில் இது இருக்கட்டும்.

"எங்கள் ஊழியர்கள் தங்கமானவர்கள்" என்பாய். இருக்கலாம். தங்கமானவர் விடுப்பில் போன வாரம் என்ன ஆகும்? அதனால்தான் நல்ல மனதை நம்பாமல் எழுதி வை என்கிறேன். கலிஃபோர்னியா 2017-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது: அறை ஒதுக்கும்போது அவரவர் பாலின அடையாளத்தைப் பார்க்கவேண்டும், அடையாளத்தைக் காரணம் காட்டி யாரையும் சேர்க்க மறுக்கவோ வெளியேற்றவோ கூடாது. நெதர்லாந்தில் 'ரோஸ லோப்பர்' என்று ஒரு சான்றிதழ் உண்டு. இல்லத்தின் நடைமுறைகளைத் தணிக்கை செய்துதான் தருவார்கள். ஆதரவுக்கு அடையாளமாக வாசலில் வானவில் ஒட்டுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒட்டியவர் மாறிப்போனாலும் தணிக்கை திரும்ப வரும்.

சேர்க்கைப் படிவத்தில் 'கணவர்/மனைவி பெயர்' என்பதற்குப் பதில் 'உங்களுக்கு முக்கியமானவர் யார், அவசரத்தில் யாரை அழைக்க?' என்று கேள். பதில் சொல்லாமல் விட்டால் வற்புறுத்தாதே. திருநங்கை ஒருவர் படுக்கையில் விழுந்தால் அன்றாட முகச்சவரமும் அவருடைய பராமரிப்புப் பட்டியலில் ஏறவேண்டும். அவருக்குப் புராஸ்டேட் (ஆணாகப் பிறந்தவர் உடலில் உள்ள சுரப்பி) பரிசோதனை தேவைப்படலாம் என்பது மருத்துவக் குறிப்பில் விட்டுப்போகக் கூடாது; அந்தக் குறிப்பை எல்லோரும் புரட்டவும் கூடாது.

மறதிநோய் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. தன் ரகசியத்தை யாரிடம் சொன்னோம், யாரிடம் மறைத்தோம் என்ற கணக்கே அவர்களுக்குத் தவறிப்போகும். பார்க்க வந்த தம்பியின் முன்னால், தம்பி கேள்விப்பட்டே இராத ஒரு பெயரைச் சொல்லி ஒருவர் அழுவார். அந்த நேரத்தில் அருகில் நிற்கும் ஊழியர் சிரிக்கவும் கூடாது, தம்பிக்கு விளக்கம் சொல்லவும் கூடாது. இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இரவுப் பணியாளர்களையும் ஒப்பந்த ஆட்களையும் அதில் சேர்த்துக்கொள்.

இணையர் இருவரில் ஒருவர் இறந்துவிட்டால் முதலில் யாருக்குச் சொல்வது, உடலருகே யார் இருக்கலாம், அவருடைய பொருட்களை யார் எடுக்கலாம் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு, சட்டப்படி செல்லும் வகையில் எழுதி வாங்கு. உயிலும் மருத்துவ முடிவுக்கான அதிகாரப் பத்திரமும் இல்லாவிட்டால், எட்டிப்பார்க்காத உறவினர் வந்து நிற்கும்போது உன்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். வழக்கறிஞர் ஒருவரை மாதம் ஒருமுறை இல்லத்துக்கு வரச் சொல். அந்தச் செலவை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முன்வை. மறுத்தால் யார் மறுத்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதச் சொல்.

அன்புடன்,
அக்கா