சோர்வு மேடையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடும் மூன்று கலைஞர்களின் சுயாதீன ராக் நிகழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். 'சோர்வான மாலை' என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். அன்று மேடைக்குப் பத்தடி தள்ளி நானும் நின்றிருந்தேன். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்தியது.

இரண்டாவதாகப் பாடிய பெண், இறந்துபோன தந்தையின் சட்டைகளை எடுத்து மடிப்பதைப் பற்றிப் பாடினார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தவற்றைக் கடைசியில் அதே அலமாரியில் அடுக்கிவிடுகிறாள் மகள். கதை அவ்வளவுதான். டிரம்ஸ் வாசித்தவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷால் தோலை வருடிக்கொண்டிருந்தார். குரல் தாழ்ந்து தாழ்ந்து மூச்சளவுக்கு வந்த இடத்தில், பின்னால் இருந்த பானக் கடையில் கண்ணாடிக் கோப்பைகளைக் கொட்டி அடுக்கினார்கள். என் முதுகுக்குப் பின்னால் இருவர் கார் விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. அரங்கின் பின்வரிசையில் நின்றவருக்கு என்ன கேட்டிருக்கும்?

ஒலியைக் கூட்டியிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். ஓரளவுக்கு மேல் கூட்டினால் ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாரின் கூட்டுக்குள் புகுந்து மறுபடி மைக் வழியாக வெளியேறி ஊளையிடும். ஒலிப்பொறியாளர் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் குறைத்ததைப் பார்த்தேன். முழு இசைக்குழு முழங்கும்போது கூட்டத்தின் பேச்சு அதில் அமிழ்ந்துவிடும். ஒற்றைக் கிட்டாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதையும் சேர்த்துத்தான் விமர்சகர் எடைபோட்டிருக்க வேண்டும்.

இது இன்று தொடங்கிய துன்பம் அல்ல. ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் சுருதியை மாற்றுவார். அந்த இடைவெளியில் கூட்டம் பேசத் தொடங்கிவிடும். கூச்ச சுபாவம் உள்ள அவர் மெல்ல மெல்ல மேடையையே விட்டுவிட்டார். 1969 முதல் 1972 வரை வெளியான மூன்று ஆல்பங்களும் அப்போது சொற்பமாகவே விற்றன. 1974-இல், 26 வயதில் இறந்தார். இன்று அந்த ஆல்பங்களை உலகமே கொண்டாடுகிறது. அவர் பாடியபோது அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் கேட்டார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

வேறு விதமாகவும் நடத்த முடியும். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபேயில் ஏறக்குறைய 90 பேர்தான் உட்காரலாம். பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பாடலாசிரியர்கள் கேட்பவர்களின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள்.

அன்று அந்தப் பெண் கடைசிப் பாட்டுக்காகக் குனிந்து, மரத்தில் காதை ஒட்டி, தடித்த கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் சுருதி சேர்ந்ததா என்று அவருக்கே கேட்கவில்லை. மூன்று முறை முறுக்காணியைத் திருப்பினார். சேர்ந்தபோது, நேரம் முடிந்தது என்று மேடையோரத்திலிருந்து கைகாட்டினார்கள். தலையசைத்துவிட்டு கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. விமர்சனத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

நிகழ்ச்சி அறிவிப்புகளை வெளியிடும்போது இருக்கை உண்டா, பாட்டு நடக்கையில் பானக் கடை மூடப்படுமா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். இத்தகைய பாடகர்களைப் பற்றி எழுத வருபவர், அவர்களின் பாடல்களை முன்பே ஒருமுறை அமைதியான அறையில் கேட்டுவிட்டு வரட்டும். அந்தப் பெண் மறுபடி பாட வந்தால் நான் நிச்சயம் போவேன். உங்கள் விமர்சகரும் வர வேண்டும். முன்வரிசையில் என் பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்