அக்காவுக்கு, அந்த மூன்றாவது சேலை பற்றி

அக்கா,

வியாழக்கிழமை அப்பாவின் வருஷத் திவசம். அதற்குள் முடித்துவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்த சேலை இன்னும் தறியில்தான் இருக்கிறது. தறியில் நீளவாக்கில் கட்டிய நூலான பாவில் மூன்று சேலை. இரண்டை அப்பாவே அறுத்துக் கொடுத்தார். மூன்றாவதில் அவர் நெய்தது ஒரு முழம், நான் நெய்தது ஒரு முழம். அவ்வளவுதான்.

மன்னித்துக்கொள். உடலையும் கரையையும் தனித்தனி இழையால் நெய்து கோக்கிற கோர்வைத் தறியில் குறுக்கு இழை ஓட்ட மூன்று நாடா, வலது கரைக்கு ஒரு ஆள் வேண்டாமா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கூலிக்கு ஆள் வந்த பத்து நாளும் நான்தான் உட்காரவில்லை. விடியற்காலையில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் அடியில் குனிந்து போவார். ஈர இழையில் வெயில் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். டிப்ளமோவும் இப்படித்தான் இரண்டு பேப்பரோடு நின்றது.

அதற்காக, காரியத்தன்று அத்தனை பேர் முன்னால் "இவன் எதை முடித்தான்?" என்று கேட்டிருக்க வேண்டாம். நீ போன பிறகு அவரோடு இருந்தவன் நான். பணத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், நம் தெருக்காரர்கள் படிப்பார்கள்.

1998 ஐப்பசி. உனக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. வெளியே மழை, தறிக்குழியெல்லாம் ஈரம். வலது பக்கப் பலகையில் நாடாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாய். அப்பா எழுப்பவில்லை. மிதியில் கால் அப்படியே இருக்க, கொஞ்ச நேரம் உன்னையே பார்த்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அப்புறம் உன் கையிலிருந்து நாடாவை மெதுவாக உருவி, ஒவ்வொரு இழைக்கும் அந்தப் பக்கம் எட்டிச் சாய்ந்து அவரே போட்டார். இழையை நெருக்கும் பன்னையைக்கூடச் சத்தமில்லாமல் அடித்தார். நான் தூங்கும்வரை அப்படித்தான் நெய்துகொண்டிருந்தார்.

சின்னப் பிள்ளையை அங்கே உட்கார வைத்தது தப்பு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "என்னைத் தூங்கவே விடாத மனுஷன்" என்று நீ சொல்லும்போதெல்லாம் இதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், தனி ஆளாலும் கோர்வை போட முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது உனக்கும் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலை அறுத்துவிடப் போகிறேன். யாரையும் கேட்கவில்லை. அந்த இரண்டு முழமும் உனக்குத்தான். அப்பா எங்கே நிறுத்தினார் என்று நான் காட்ட வேண்டியதில்லை. அரக்கு நிறப் பகுதியில் விரலை வைத்து இழுத்துப் பார், ஒரு இடத்துக்கு அப்புறம் நெசவு தளர்வாக இருக்கும்.