அசையாதே, அண்ணா

அன்புள்ள அண்ணா,

நாளை மறுநாள் உனக்கு வருஷத் திதி. நேற்று உன் மரப்பெட்டிக் கேமராவை விற்றுவிட்டேன். அண்ணியைக் கேட்டுத்தான் விற்றேன். ஏன் என்பது உனக்குத் தெரியும். இங்கே நாலு பேர் படிப்பார்கள், அது வேண்டாம்.

எகிப்தில், அபு சிம்பெல் கோயில் முன்னால் அந்தக் காலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1850இல் பிரெஞ்சுக்காரர் மாக்சிம் து காம் அங்கே படம் எடுத்த மாதிரியே எடுக்க வேண்டும் என்றாய். அவர் படத்தில் நின்ற படகோட்டி ஹாஜி இஸ்மாயிலாக நிற்கப்போவதும் நீயே என்றாய். பெட்டிக்குள் இருந்தது ஃபிலிம் இல்லை, காகிதம். படம் மெதுவாகத்தான் பதியும், அதற்குள் ஆள் அசைந்தால் கலங்கிப் போகும். "அசையாதே" என்று கத்தினேன். "அசைந்தால் பீரங்கி வெடிக்குமோ?" என்று சிரித்தாய். லென்ஸின் பித்தளைக் குழாயைக் காட்டி, இது பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும் என்று அந்த நூபியப் படகோட்டியை து காம் மிரட்டி வைத்த கதை. இருபது மீட்டர் உயர ராம்சேஸ் மன்னன் சிலைக்குப் படத்தில் அந்த இஸ்மாயில்தான் அளவுகோல்.

அந்தச் சிரிப்பிலேயே உனக்கு மூச்சு வாங்கியது. நான் பார்த்தேன். பார்த்தும் லென்ஸ் மூடியை எடுத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மிச்சம் இருந்ததே இரண்டு தாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவன் உன்மேலேயே பழி போடுகிறேன், பார். ஆனால் சொல்லாமல் இருப்பதில் உனக்கு ஒரு கர்வம், கடைசி வரைக்கும்.

அப்புறம் நான் வாயை அடக்கியிருக்கலாம். இஸ்மாயில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன் என்று பூரித்தாய். அந்த இடம் அணை கட்டியதில் வந்த நாசர் ஏரிக்கு அடியில் கிடக்கிறது என்றேன். 1964இலிருந்து 1968 வரை கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே கொண்டுவந்து வைத்தது உனக்கா தெரியாது? தெரிந்துதான் பூரித்தாய். ஹோட்டல் வரை நாம் பேசவில்லை.

நீ போன பிறகு ஒன்று படித்தேன். ஊர் திரும்பும் முன்பே, பெய்ரூட்டில், து காம் தன் கேமராச் சாமான்களைக் கொடுத்துவிட்டுப் பொன் இழைத் துணி வாங்கிக்கொண்டாராம். 125 படங்களோடு 1852இல் புத்தகம் வந்தது, பெயரும் வந்தது. இதைக் கேட்டால் நீ இரண்டு நாள் புலம்பியிருப்பாய். சொல்ல ஆள் இல்லை.

படத்தை விற்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது. ராம்சேஸின் கால்விரல் வரை தெளிவாக விழுந்திருக்கிறது. உன் முகமும் பரவாயில்லை. மார்புப் பக்கம் மட்டும் கலங்கியிருக்கிறது.

உன் தம்பி