பச்சை மையில் எழுதிய சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

2021-ல் கோவிட் வந்து ஐசியூவில் 19 நாள் கிடந்தேன், அதில் 11 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் "கண்டம் தாண்டியாச்சு" என்றார்கள். எனக்குத் தாண்டவில்லை. மைக்ரோவேவ் 'பீப்' என்றால் போதும், மானிட்டர் அலறுகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை தானாக ஆக்ஸிமீட்டரைத் தேடும், 98 காட்டினாலும் நம்ப மாட்டேன். கண்ணை மூடினால் யாரோ என் கையைக் கட்டிப் போடுகிற அதே கனவு.

அக்கா, "பழசை நினைக்காதே" என்று சொல்லாத ஒரே ஆள் நீதான். ராத்திரி மூன்று மணிக்குக் கூப்பிட்டாலும் எடுத்தாய், சில நாள் ஒன்றும் பேசாமல் லைனில் சும்மா இருந்தாய். ஒரு மாதம் தாண்டியும் சரியாகவில்லை என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனதும் நீதான்.

டாக்டர், பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் நோய் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது. 1980-லேயே மருத்துவம் பெயர் வைத்த நோய், நான்தான் அது போர்முனைக்குப் போனவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்திருந்தேன். தெரபிஸ்ட் மேடம், மைக்ரோவேவில் ஒரு கப் தண்ணீரைப் பத்து விநாடி வைத்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நிற்கச் சொன்னீர்களே, முதல் நாள் உங்கள் மேல் கோபமே வந்தது. இப்போது அதில்தான் தினமும் பால் சுட வைக்கிறேன்.

அப்புறம் ஐசியூ சிஸ்டர்கள். நான் நினைவில்லாமல் கிடந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி, டிஸ்சார்ஜ் அன்று கொடுத்தீர்கள். ஆறு மாதம் அதைத் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்தபோது எட்டாம் நாள் பக்கத்தில் பச்சை மையில் இருந்தது: "இன்று டியூபைப் பிடுங்கப் பார்த்தீர்கள், அதனால் கையைக் கட்ட வேண்டியதாயிற்று. மன்னியுங்கள். ஷிஃப்ட் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்." என்னைக் கொல்லப் பார்த்ததாக நான் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கை, என்னைக் காப்பாற்றிய கை! டெலிரியத்தில், அதாவது கடும் நோயில் வருகிற மனக்குழப்பத்தில், மூளை கதையை அப்படி மாற்றி வைத்திருந்தது. அந்தக் கனவு ஒரே நாளில் போகவில்லை, ஆனால் அது வரும்போது இப்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

பிபிஇ கிட்டுக்குள் இருந்ததால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது, கையெழுத்துதான் தெரியும். அந்த வருஷம் நீங்கள் பார்த்ததெல்லாம் என் கனவைவிடக் கொடுமை. உங்களுக்கும் தூக்கம் கெட்டுப்போயிருந்தால் தயவுசெய்து யாரிடமாவது சொல்லுங்கள். என்னைக் கூப்பிட்டாலும் சரி, மூன்று மணியானாலும் எடுப்பேன்.