ஒரத்துப்பாளையத்து நிறங்கள்

சென்னிமலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்ததிலும், மஞ்சள் மண்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நீ சற்று ஓய்ந்திருப்பதிலும் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம். நான் அனுப்பிய கணினி ஓவியத்தைப் பார்த்துவிட்டு, “பட்டை பட்டையாக நிறம் இருக்கிறது, கதை எங்கே?” என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் படம் எங்கள் தோட்டத்துக் கிணற்றைப் பற்றியது. 1992இல் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்தபோது அப்பா அதை எவ்வளவு நம்பியிருந்தார் என்பதும், பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறிப் போனதும் நீ அறிந்தவையே. அதே ஆண்டுகளில் நான் திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் டிசைனராக இருந்து, அந்தச் சாயத்தை நம்பித்தான் குடும்பம் நடத்தினேன். இதைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தால், ஒன்று அப்பாவுக்காக வழக்காடுகிறேன், இல்லையேல் என் பிழைப்புக்குச் சமாதானம் சொல்கிறேன். கிணற்றங்கரையில் நிற்கும் அப்பாவை உருவமாக வரைந்தாலோ, பார்ப்பவர் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உருவமே இல்லாத அருவ ஓவியத்தில்தான் அவரையும் என்னையும், யார் சரி என்று சொல்லாமல், ஒரே இடத்தில் வைக்க முடிந்தது.

செய்த விதம் உனக்கு வியப்பாக இருக்கலாம். பட்டறையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன், அதாவது துணியில் சாயத்தை இறக்கும் வலைச்சட்டம், போடுவோம். நான் பயன்படுத்தும் கிரிட்டா என்னும் இலவச மென்பொருளில் அதையே லேயர் என்கிறார்கள். ஏற்றுமதி ஆர்டர்களில் ஆண்டுதோறும் எந்த நிறம் ஓடியதோ, அந்த நிறத்துக்கு ஒரு லேயர் என்று வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாகக் காலம் செல்லும்படி பட்டைகளை இழுத்தேன். எல்லா லேயர்களையும் ‘மல்டிப்ளை’ முறையில் வைத்தேன். அம்முறையில் ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று விழுந்தால் இருளுமே தவிர ஒருபோதும் வெளுக்காது. படத்தின் நடுவே உள்ள கருமைக்காக நான் கறுப்பைத் தொடவே இல்லை. குழந்தைச் சட்டைகளுக்கு நாங்கள் அச்சிட்ட ரோஜா நிறமும் வான நீலமும் தளிர்ப் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துதான் அப்படி ஆயின. சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதல்லவா? அந்தக் காலத்துக்குரிய இடத்தில் எந்த லேயரும் கிடையாது, வெறும் வெள்ளை. அப்பாவுக்கு அது நிம்மதி, எனக்கு வேலையில்லாத மாதங்கள்.

இதையெல்லாம் சொல்லாமல் யாருக்கும் புரியாதே என்பாய். புரிய வேண்டியதில்லை, ஆனால் வரைபவனுக்கு ஒரு விதி இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மென்பொருளின் தூரிகைகளில் ஒன்றை எடுத்து எப்படி இழுத்தாலும் அழகாக ஏதோ வந்துவிடுகிறது, அங்கேதான் ஆபத்து. எந்த நிறம் ஏன் அங்கே இருக்கிறது என்று தனக்குள்ளாவது பதில் சொல்ல முடியாதவன் வரைந்தது, ஓட்டல் வரவேற்பறைச் சுவருக்குத்தான் உதவும்.

இது நம் ஊருக்கு ஒட்டாத கலை என்று நீ எழுதியதை மட்டும் ஏற்க மாட்டேன். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர், அறுபதுகளில் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், வாசிக்க முடியாத எழுத்துகளும் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளுமே படமாகின்றன. பவானி ஜமக்காளத்தின் பட்டைகளில் அமர்ந்து வளர்ந்த நமக்கு இது எப்படி அந்நியமாகும்?

உனக்காகவே இன்னொருவரையும் சொல்கிறேன். 1924இல் ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார், 1968இலேயே கணினியில் படம் செய்யத் தொடங்கியவர். தாயார் தமக்கு எழுதிய கடிதங்களின் கையெழுத்தைக் கணினியைக் கொண்டு கோடுகளாக உருவாக்கி ஒரு வரிசையே படைத்தார். அவற்றில் படிக்க ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் வரிகள் நிதானமாகத் தொடங்கிப் போகப்போகத் தடுமாறுவதைப் பார்த்தால், எழுதிய கை எத்தகையது என்று தெரிந்துவிடுகிறது.

உன் தந்தையாரின் மண்டிப் பேரேடுகள் பரணில் கிடப்பதாகச் சொல்லியிருக்கிறாய். அவரைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் எழுத்து வரவில்லை என்கிறாயே, அந்தப் பேரேடுகளிலிருந்து தொடங்கு. கரையான் முந்திக்கொள்வதற்குள், அவர் நலமாக இருந்த ஆண்டிலிருந்து சில பக்கங்களையும், கை நடுங்கத் தொடங்கிய பின் எழுதிய சில பக்கங்களையும் 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து அனுப்பு. கைப்பேசியில் எடுத்தால் ஓரம் கோணும். லேயர்களைப் பிரித்து நான் திருப்பி அனுப்புகிறேன். நிறங்களை மட்டும் நீயே தேர்ந்துகொள்.

அன்புடன்,
உன் நண்பன்